ஜன்னலில் நீட்டிய கை

அந்தப் பிரசவ நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு அக்கா. குத்துவாள், ரத்தம் எடுப்பாள், காதருகே ரீங்காரமிட்டுக்கொண்டே இருப்பாள். மூன்றும் பொருந்தியதால் பெயர் ஒட்டிக்கொண்டது. யார் முதலில் வைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு காலத்தில் அவள் படாத பாடு பட்டாள். பெரிய சிஸ்டரே ஒருநாள் வாய் தவறி, "இந்தக் கார்டைக் கொசுகிட்ட கொடு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, இனி எதிர்த்துப் பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை ரத்தம் பார்ப்பது. ஆய்வுக்கூடம் என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு முக்காலி, சொட்டுகிற குழாய், கண்ணாடிக் குழல்கள் நிற்கிற மரச்சட்டம், அவ்வளவுதான். நடைக்கூடத்தைப் பார்த்த சுவரில் டிக்கெட் கொடுக்கிற இடம் போல ஒரு சின்ன ஜன்னல். அதன் மேல்பாதியை மங்கல் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். அது அவளே எழுதிக் கேட்டு வாங்கியது. முகத்தைப் பார்த்தால் பேச்சு வளர்கிறது, பேச்சு வளர்ந்தால் வேலை கெடுகிறது என்பது அவள் கட்சி. கண்ணாடி வந்த பிறகு கர்ப்பிணிகள் வெளியே பெஞ்சில் வரிசையாக நகர்ந்து வருவார்கள், ஜன்னலுக்குக் கீழே கார்டை வைப்பார்கள், கையை நீட்டுவார்கள். எட்டு வருடமாக அந்த அறைக்குள் முகம் என்று ஒன்று வந்ததில்லை. கைகள்தான் வந்தன.

கைகளை அவள் நன்றாகப் படித்து வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற தையல் ஆலையிலிருந்துதான் பாதிப்பேர் வருவார்கள். வெட்டுகிற பிரிவா, பொத்தான் துளை போடுகிற பிரிவா, இஸ்திரிப் பிரிவா என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். "முதல் முதலா என் கையைப் பிடிச்சப்போ ஆசையில பிடிக்கிறான்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நகம் வெளுத்திருக்கான்னு பார்த்திருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் அவள் கறார். விரலைத் துடைத்துக் குத்துவாள். முதல் சொட்டைப் பஞ்சில் ஒற்றி எறிவாள். இரண்டாவது சொட்டைத்தான் எடுப்பாள். விரலைப் பிதுக்கவே மாட்டாள். பிதுக்கினால் ரத்தத்தோடு நீரும் சேர்ந்து வந்து எண் பொய்யாகிவிடும். எடுத்த சொட்டை அமிலம் விட்ட குழலில் இறக்கி, பத்து நிமிடம் வைப்பாள். அது பழுப்பாக மாறிய பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பக்கத்தில் இருக்கிற பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்குக் கொண்டுவருவாள். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீரைத் தாங்கும். சோகை பிடித்த ரத்தம் நாலைந்து சொட்டிலேயே வெளுத்துவிடும். எத்தனை சொட்டு தாங்கியது என்பதைக் குழலில் இருக்கிற கோடு சொல்லும், அதுதான் எண்.

பதினொன்றும் அதற்கு மேலும் என்றால் ஜன்னல் வழியாக "பாஸ்!" என்று ஒரு குரல் வரும். குறைந்தால் "ஃபெயில்!" பாஸானவள் தப்பித்தாள். ஃபெயிலானவள் அன்றைக்குத் தொலைந்தாள்.

"மாத்திரை கொடுத்தேனே, அதை யாருக்குச் சேர்த்து வச்சிருக்க? உன் மாமியாருக்கா?"

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.

"வயித்துல இருக்கிறது புள்ளையா, பொம்மையா? அது உன்னைத்தானே உறிஞ்சணும்? நீயே காத்தைக் குடிச்சுட்டு வந்தா அது எதைக் குடிக்கும்? அடுத்த மாசம் இதே எண்ணோட வந்து நில்லு, அப்ப இருக்கு உனக்கு!"

மனதில் கெடுதல் எதுவும் இல்லை. எண் குறைந்தவள் வீட்டுக்குப் போனபின்னும் இவளுக்குத் தூக்கம் வராது. அந்தத் தூக்கம் போன எரிச்சலும் சேர்ந்துதான் வாயில் வந்தது. திட்டினால்தான் ரத்தம் ஏறும் என்பது அவள் கண்டுபிடிப்பு. அதற்குச் சான்றும் வைத்திருந்தாள். அவள் பதிவேட்டைப் புரட்டினால், முதல் மாதம் எட்டு, ஒன்பது என்று இருந்தவர்கள் அடுத்த மாதமே பதினொன்றைத் தொட்டிருப்பார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா, எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டபோது, "வாய்தான் சார்" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் தலைகால் புரியாமல் திரிந்தாள்.

இப்படி இருந்தவளுக்குத்தான் அந்தக் காலை வந்தது.

அன்றைக்குப் பிரசவ அறையில் மூன்று பேர் வலியில் இருந்தார்கள். அறிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற உதவிப்பெண் விடுப்பு. வேறு வழியில்லாமல் கொசு அக்கா தானே தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழக்கமாக அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் எல்லை ஜன்னலோடு முடிந்தது.

பெரிய சிஸ்டர் மூன்றாவது கட்டிலருகே கையுறையோடு நின்றிருந்தாள். தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பும்போது முதல் கட்டிலில் கிடந்தவளுக்கு வலி எடுத்தது. எதையாவது பிடிக்க வேண்டும் என்று காற்றில் துழாவிய கை, பக்கத்தில் போன கொசு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

பிடி இறுக்கமாக இல்லை. வலியில் இருக்கிறவள் பிடித்தால் எலும்பு நொறுங்க வேண்டும். இது ஈரத்துணி சுற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. கொசு அக்கா பழக்க தோஷத்தில் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளங்கையில் ரேகைகள்கூட வெளுத்திருந்தன. நகங்கள் தட்டையாகி நடுவில் குழிந்து போயிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். இப்படிப்பட்ட நகம் ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் வருவதில்லை. மாதக்கணக்காக ரத்தம் வற்றினால்தான் வரும்.

கட்டில் தலைமாட்டில் கார்டு தொங்கியது. எடுத்துப் பார்த்தாள். தையல் ஆலை, இஸ்திரிப் பிரிவு, இரண்டாவது பிரசவம். மூன்றாம் மாதம் எட்டரை. அடுத்த மாதம் பதினொன்று. அதற்கடுத்து பதினொன்றரை. மூன்று வாரத்துக்கு முன்னால் பதினொன்று புள்ளி எட்டு. எல்லாம் அவள் கையெழுத்து. பாஸான ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அவளே பச்சை மையில் ஒரு சரி போட்டிருந்தாள்.

இந்த நகம் என் ஜன்னலுக்குள் வந்திருந்தால் நான் மறந்திருப்பேனா? இந்தக் கை மாசாமாசம் வந்த கை இல்லை.

"சிஸ்டர், இவளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்ல. பதினொண்ணு எட்டு இருக்கே" என்றாள் பெரிய சிஸ்டர் திரும்பாமலே. கார்டில் எண் நன்றாக இருந்தால் கண் இமையை இழுத்துப் பார்க்க யாருக்கு நேரம்?

கொசு அக்கா ஓடிப்போய்த் தன் தட்டை எடுத்துவந்து, அந்தப் பெண்ணின் விரலைக் குத்தினாள். முதல் சொட்டை எறிந்தாள். இரண்டாவது சொட்டு வருவதற்கே நேரம் பிடித்தது. வந்ததும் ரோஜா நிறத்தில் வந்தது.

அறைக்குத் திரும்பி அமிலக் குழலில் இறக்கினாள். இனிப் பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பத்து நிமிடங்களை ஊசி துடைத்தும், கார்டு அடுக்கியும், பெஞ்சில் இருப்பவர்களை அதட்டியும் ஓட்டியிருக்கிறாள். இன்றைக்கு ஓடவே மாட்டேன் என்கிறது. நடைக்கூடத்தின் கோடியிலிருந்து அந்தப் பெண்ணின் முனகல் கேட்டது. வலி எடுக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

சும்மா நிற்க முடியாமல் ரத்தப் பிரிவையும் பார்த்துவிடலாம் என்று கூடுதலாக எடுத்துவந்திருந்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு வைத்து, ஒன்றில் ஏ மருந்தையும் மற்றதில் பி மருந்தையும் சேர்த்து ஆட்டினாள். கார்டில் பி என்று எழுதியிருந்தது. பி என்றால் இரண்டாவது சொட்டு திரிந்துபோய்க் கட்டி கட்டியாக நிற்க வேண்டும். ஆட்டினாள், ஆட்டினாள். இரண்டும் பால் போல வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஓ பிரிவு.

இவள் முதல் தடவை வந்த மாதம் இந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதனால் எல்லோருக்கும் அடுத்த மாதம்தான் பிரிவு பார்த்தாள். அடுத்த மாதம் வந்தது வேறு கை.

பத்து நிமிடம் முடிந்தது. ஒரு சொட்டு. கலக்கினாள். இரண்டு. மூன்று. நாலாவது சொட்டிலேயே நிறம் பழுப்புக் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒன்று தாங்கேன் என்று குழலைப் பார்த்துக் கெஞ்சினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஆறு புள்ளி இரண்டு.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய், பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

"இஸ்திரிப் பிரிவுப் பொண்ணுகூட யார் வந்திருக்கீங்க?"

இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவன் அச்சகத்தில் வேலை செய்கிறவன் என்று கையிலிருந்த மையே சொன்னது, புருஷன். இன்னொருத்தி ஏழு மாத வயிற்றோடு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் அவ ஓரகத்தி. ஒரே வீடு" என்றாள்.

"கையைக் காட்டு."

அவள் நீட்டினாள். இடது மோதிர விரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. பொத்தான் துளை போடுகிற இயந்திரத்தின் ஊசி எப்போதோ இறங்கிய அடையாளம். கொசு அக்காவுக்கு அந்த விரலை நன்றாகத் தெரியும்.

"இந்தக் கை மாசத்துக்கு ஒரு தடவை வந்துச்சா, ரெண்டு தடவை வந்துச்சா?"

"ரெண்டு தடவை" என்றாள் ஓரகத்தி. "அவ கார்டுக்கு வலது கையைக் கொடுத்தேன்."

"ஏன்? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"முதல் தடவை அவதான் வந்தா அக்கா. எட்டரைன்னீங்க. எல்லார் முன்னாடியும் அவளை… காத்தைக் குடிச்சுட்டு வந்தியான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அழுதா. இனிமே அங்க வரவே மாட்டேன்னுட்டா. வராமலே இருந்தா எப்படி? நான் கையைக் கொடுக்கறேன், நீ சிஸ்டர்கிட்ட வயித்தை மட்டும் காட்டுன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன். உங்களை ஏமாத்தணும்னு இல்ல அக்கா. உங்க வாய்க்குப் பயந்துதான்."

புருஷன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று கொசு அக்கா தேடினாள். தன்னைத் தவிர அங்கே யாரும் அகப்படவில்லை. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை.

பிரசவ அறைக்கு ஓடினாள். "சிஸ்டர், கார்டு பொய். ஆறு புள்ளி ரெண்டு. ரத்தப் பிரிவும் பொய்."

பெரிய சிஸ்டர் கார்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது உன் கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். நான் எழுதினது வேற ஒருத்தியோட ரத்தம். நான் முகத்தைப் பார்க்கல. தப்பு என்னோடது. அதை அப்புறம் வச்சுக்கலாம், இப்ப இவளை என்ன பண்ணப்போறீங்க?"

பெரிய சிஸ்டர் அந்தப் பெண்ணின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். காகிதம் போல இருந்தது. அப்புறம் குழந்தை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் நெற்றியெல்லாம் வேர்வை. "அரை மணிகூட ஆகாது. பெரியாஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம். இப்ப ஏத்தினா வழியில பிறக்கும். இங்கேயே பிறந்தா, என்கிட்ட ரத்தம் ஒரு பாட்டில்கூடக் கிடையாது."

எந்தப் பிரசவத்திலும் ரத்தம் போகும். நல்ல உடம்பு அதைத் தலைசுற்றலோடு தாங்கிக்கொள்ளும். வற்றிப்போன உடம்புக்கு அதே அளவு போனால் இதயம் நின்றுவிடும். அங்கே நின்ற இருவருக்கும் இது தெரியும். கட்டிலில் கிடந்தவளுக்குத் தெரியாது. அவள் கொசு அக்காவைப் பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இவ போறதுக்கு முன்னாடி இவ ரத்தம் அங்க போகட்டும்" என்றாள் கொசு அக்கா. "நரம்புல எடுத்துத் தரேன். புருஷன் வண்டியில கொண்டுபோகட்டும். பொருத்தம் பார்க்கவே முக்கால் மணி ஆகும். நீங்க குழந்தையை எடுத்து இவளை வேன்ல ஏத்திக் கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்குள்ள பாட்டில் தயாரா இருக்கும்."

பெரிய சிஸ்டர் ஒரே ஒரு நொடி யோசித்தாள். "எடு. நான் அங்க போன் பண்றேன்."

கொசு அக்கா கட்டிலுக்கு அருகே குனிந்து, "இங்க பாரும்மா" என்றாள். அவள் திரும்பவில்லை. "உன்னைத் திட்ட வரல. உன் பேரை உன் வாயால சொல்லு. நான் உன் முகத்தைப் பார்த்து எழுதணும்."

அவள் மெல்லத் திரும்பிப் பெயரைச் சொன்னாள். இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. மேல் உதட்டில் ஒரு மச்சம். ரத்தம் எடுத்துச் சீட்டில் எழுதி ஒட்டி, எழுதியதை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்து, புருஷன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "வேகமா போ. ஆனா விழுந்துடாதே. இதுல இருக்கிறது அவ உசிரு." அவன் தலையாட்டக்கூட நிற்காமல் ஓடினான்.

இருபது நிமிடத்தில் குழந்தை பிறந்தது. பெண். இரண்டு கிலோவுக்கும் குறைவு. குரல் கதவு கிறீச்சிடுகிற மாதிரி மெலிசாக வந்தது. ஆனால் வந்தது. ஓரகத்தியை உள்ளே கூப்பிட்டு, துணியில் சுற்றி அவள் நெஞ்சோடு வைத்துக் கட்டினார்கள். பெரிய சிஸ்டர் தொடையில் ஊசியைப் போட்டுவிட்டு நஞ்சுக்கொடி வரும்வரை வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்தது. அதோடு ரத்தமும் வந்தது.

அதிகமில்லை. இரண்டு டம்ளர் இருக்கும். வேறு ஒருத்திக்கு என்றால் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள். இவளுக்கு உதடு கண்ணெதிரே வெளுத்தது. நாடி நூலாகி, பிறகு விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது. பெரிய சிஸ்டர் இரண்டாவது ஊசியைப் போட்டு, கர்ப்பப்பை இறுகும்வரை வயிற்றை அழுத்தித் தேய்த்தாள். "தூக்குங்க, தூக்குங்க" என்று கத்தினாள்.

மற்ற இரண்டு கட்டில்களையும் இன்னொரு சிஸ்டரிடம் விட்டுவிட்டு, வேனில் பெரிய சிஸ்டர் மண்டியிட்டு வயிற்றை அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரகத்தி ஒரு குழந்தையை வயிற்றிலும் ஒரு குழந்தையை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தாள். கொசு அக்கா ஒரு கையால் உப்புநீர்ப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கழுத்து நாடியைத் தொட்டபடி எண்ணிக்கொண்டு வந்தாள். நூற்று நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

பாதி வழியில் வேன் நின்றது. ஒரு சந்தில் லாரி ஒன்று பின்னால் எடுத்துத் திருப்புகிறேன் என்று தெருவை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரனை அலறவிட்டும் லாரிக்காரன் கீழே நின்ற ஆளோடு பேசிக்கொண்டிருந்தான். கொசு அக்கா பாட்டிலைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள். அவன், அவன் லாரி, அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்று ஒருத்தரையும் விடவில்லை. சந்திலிருந்த கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். லாரி ஒரே மூச்சில் வந்த வழியே போனது.

கதவைச் சாத்தி உட்கார்ந்து மறுபடி நாடியைத் தொட்டாள். படுத்திருந்தவளின் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இனிமே மாத்திரை சாப்பிடறேன் அக்கா… திட்டாதீங்க."

கொசு அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. "உன்னை இல்லம்மா, உன்னை இல்ல" என்று அந்த வெளுத்த கையைத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். சொன்னது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, கண் மேலே செருகிவிட்டது.

பெரியாஸ்பத்திரி வாசலில் புருஷன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இரண்டு பாட்டிலோடு நின்றிருந்தாள். ஓ பிரிவு. ஒரு கேள்விகூடக் கேட்காமல் நடைக்கூடத்திலேயே முதல் பாட்டிலை ஏற்றினார்கள். கதவு மூடிக்கொண்டது.

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு சிமென்ட் மேடையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையை எடை குறைந்த குழந்தைகள் பிரிவுக்கு எடுத்துப் போய்விட்டதால் ஓரகத்தியின் கைகள் வெறுமனே மடியில் கிடந்தன. "நான் கை கொடுக்காம இருந்திருந்தா…" என்று தொடங்கினாள்.

"நான் வாயைக் கொடுக்காம இருந்திருந்தா" என்றாள் கொசு அக்கா. "பேசாம இரு."

மூன்று மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். மூன்றாவது பாட்டில் ஓடுகிறது, ரத்தம் நின்றுவிட்டது, கண் திறந்து குழந்தையைக் கேட்டாள் என்றார். பிறகு, "பொருத்தம் பார்த்து வைக்காம இருந்திருந்தா, வந்த பிறகு முக்கால் மணி தாங்கியிருக்க மாட்டா. முன்னாடியே அனுப்பினது யாரு?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர் கொசு அக்காவைக் காட்டினாள். டாக்டர் பாராட்டினார். பாராட்டைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. அந்த எட்டரையிலிருந்து இன்றைய ஆறு வரைக்கும் மாசாமாசம் பச்சை மையில் சரி போட்டவளும் அவள்தான் என்று டாக்டருக்கு யார் சொல்வது? அவளே சொன்னாள். டாக்டர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. கணவர் பயந்துபோய், "என்ன, வாயில புண்ணா?" என்று கேட்டார். அவள் கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டிலிருந்து பதினொன்று. ஏழரையிலிருந்து பதினொன்றரை. அதிகாரி பாராட்டிய பக்கங்கள். மாத்திரை எவ்வளவு விழுங்கினாலும் ஒரே மாதத்தில் மூன்று புள்ளி ஏறாது என்று படித்தவள்தான் அவள். பெருமை கண்ணை மறைத்திருந்தது. ஒவ்வொரு பச்சைச் சரியிலும் விரலை வைத்துக்கொண்டே போனாள். இதில் எது யாருடைய கை?

அடுத்த பரிசோதனை நாளன்று வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். கொசு அக்கா மேசையையும் முக்காலியையும் நடைக்கூடத்தில் பெஞ்சுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேர் இருந்தார்கள். எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். இத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் குரல் தடுக்கியது.

"என் பொண்ணு பிறந்தப்ப எனக்கு ஏழுதான் இருந்துச்சு. நாள் பூரா ஊர் விரலைக் குத்தினேன், என் விரலை நான் குத்திக்கல. மயக்கம் வரும், படி ஏறினா மூச்சு வாங்கும். எண்ணைப் பார்க்கப் பயம். பிரசவத்துல முகம் தெரியாதவங்க மூணு பேர் ரத்தம் கொடுத்துத்தான் பிழைச்சேன். அதுக்கப்புறம் ரெண்டாவது புள்ளையே வேணாம்னுட்டேன். இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ல வெட்கம். அந்தப் பயந்தாங்கொள்ளிதான் உங்களையெல்லாம் திட்டினது." மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு எல்லாருக்கும் முதல்லேருந்து பார்க்கப்போறேன். பழைய எண்ணை நான் கேட்கமாட்டேன். பாஸ், ஃபெயில் கிடையாது. எண்ணைக் காதுல மட்டும் சொல்வேன்."

யாரும் எழுந்து நின்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். அவள் முதலில் முகத்தைப் பார்த்தாள், பிறகு கண் இமையை, பிறகுதான் விரலை.

ஏழாவதாக வந்தவள் விரலைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி, "போன மாசம் வந்தது என் தங்கச்சி அக்கா" என்றாள். கொசு அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குத்தினாள். பன்னிரண்டாவது ஆள், "பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்றாள். அப்புறம் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் ஐந்து பேர் ஆகிவிட்டது. திட்டு ஒவ்வொரு தடவையும் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். விழுங்குவது சுலபமாக இல்லை.

கடைசியாக வந்தவளுக்கு நாள் நெருங்கிவிட்ட வயிறு. கார்டில் பன்னிரண்டு. கையை நீட்டாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கொசு அக்கா அந்தக் கையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகங்கள் குழிந்திருந்தன.

பத்து நிமிடம் அவளைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். தண்ணீர் விட்டாள். மூன்று சொட்டு.

"எவ்வளவு அக்கா?" அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், அடி விழப்போகிற குழந்தை மாதிரி.

கொசு அக்கா அவள் காதோரம் குனிந்து எண்ணைச் சொன்னாள். பிறகு முக்காலியிலிருந்து எழுந்து, வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டாள். "வண்டியை எடுப்பா. இவகூட நானும் வரேன்."